பதினோரு மரங்களுக்கு ஓர் எரியூட்டு விழா

பிப்ரவரி 3, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பின், வராந்தாவில் இருக்கும் என் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவர்ப் பக்கத்திலிருந்து தோட்டத்தின் பக்கமாகத் திருப்பிப் போடுவது என்று இன்று காலை முடிவெடுத்து, உடனே நடைமுறைப்படுத்தினேன். ஓய்வு பெற்று இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து இத்தனை பெரிய மாற்றம் எதையும் நான் செய்ததில்லை. பின்னாளில் யாராவது இந்தத் தோட்டத்தின் கதையை எழுதினால் இந்தத் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

செல்போன் சார்ஜர் சுவரில் இருப்பதால் இதுநாள்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மனைவி சௌந்தரம் காபியோடு வந்து பார்த்தாள்.

"எத்தன வருசமாச் சொல்றேன், சொவத்தப் பாத்து உக்காந்தா என்னங்க தெரியும்னு."

என் முடிவை அவள் ஆதரிக்கிறாள்.

திருப்பிப் போட்டதன் பலன் மாலையே கிடைத்தது. எதிரே இருக்கும் வெண்ணெய்ப்பழ மரத்தின் அடிமரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. நாளை பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

சர்க்கரை! பட்டையில் சின்னச் சின்னக் குவியலாக, கோலமாவைக் கிள்ளி வைத்தது போல. நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிக்கிறது. ஒரு மரம் இல்லை, மேல்வரிசை பதினோரு மரங்களிலும். மற்றவர்களுக்கு மரம் பழம் தருகிறது. எனக்கு அதற்கு முன்பே இனிப்பும் தருகிறது. நான் போட்ட மீன் கரைசல் உரந்தான் காரணம் என்பதில் சந்தேகமில்லை.

கீழ்த்தோட்டத்து ஒச்சப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெண்ணெய்ப்பழ விவசாயிகள் நலச் சங்கத்தில், நான் தலைவர் என்பதை எப்போதும் மறக்காத ஒரே உறுப்பினன் அவன்தான். மூன்று ஏக்கரிலும் காப்பிச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முழுக்க வெண்ணெய்ப்பழம் வைத்தவனும் இந்த ஊரில் அவன் ஒருவனே. என் பேச்சைக் கேட்டுத்தான் வைத்தான். இந்த வருடம் முதல் காய்ப்பு.

மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். "தலைவரே, மரத்துக்குச் சுகர் வந்துருச்சு போல. மாத்தரை குடுங்க."

"இது வளம், ஒச்சப்பா. நோய் இல்லை."

"எனக்கு வரலியே."

"வரும். பொறு."

பிப்ரவரி 9, ஞாயிறு

'மரத்தில் சர்க்கரை: சங்கத் தலைவர் நீலமேகம் தோட்டத்தில் அதிசயம்' என்று நான் அனுப்பிய செய்தி நாளிதழின் ஏழாம் பக்கத்தில் வந்திருக்கிறது. செய்தித் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் அரசு விழாக்களுக்கு மேடை போட்டவனுக்கு ஏழாம் பக்கம் பெரிதில்லை. ஆறு பிரதிகள் மட்டும் வாங்கினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

செய்தியைப் படித்துவிட்டு ஓர் ஆய்வாளர் பஸ் பிடித்து வந்துவிட்டார். முனைவர் ரோஸ்லின். மரத்தில் வளரும் பூஞ்சைகளைப் படிக்கிறவராம். வயது முப்பதுக்குள். வணக்கம் சொல்லிவிட்டு நேராக மரத்திடம் போய்ச் சர்க்கரையைத் துடைத்தார். அடியில் குண்டூசித் தலையளவு ஓட்டை. கத்தியால் பட்டையைச் சீவினார். உள்ளே மரம் பழுப்பாக, ஊறிய டீத்தூள் நிறத்தில்.

"சார், இது சர்க்கரை இல்ல. மரம் அடிபட்ட எடத்துல கசிஞ்சு காஞ்ச சாறு. உள்ள துளைவண்டு இருக்கு. எள்ளு அளவுதான். சரக்குப் பெட்டி மரத்துல ஒளிஞ்சு எங்கேருந்தோ வந்து எறங்கினது. இந்த மலையில இதுவரைக்கும் யாரும் பாக்கல."

"யாருமே பார்க்கவில்லையா?"

"உங்க தோட்டந்தான் முதல்."

இதை அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மலையிலேயே முதல்.

சௌந்தரம் முறுக்குத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். "மரத்த அரிச்சுத் திங்குதாம்மா?"

"அதான் இல்லம்மா. இது மரத்தையே திங்காது. உள்ள பொந்து வெட்டி விவசாயம் பண்ணுது. தாய் வண்டு வாய்கிட்ட ஒரு சின்னப் பையில பூஞ்சை விதையக் கொண்டாந்து செவுத்துல தூவும். அது மொளைச்சுப் படரும். குஞ்சுங்க அதத்தான் மேயும். மரத்தக் கொல்றது வண்டு இல்ல, அந்தப் பூஞ்சை."

"அப்ப வண்டு கூலியாளு."

"கிட்டத்தட்ட. எந்த மரத்துல எறங்கணும், எப்ப இருக்கணும், எப்ப கெளம்பணும், எல்லாம் பூஞ்சைய வெச்சுத்தான். அதோட வாசனைக்கே வண்டு வரும். பயிர் செழிப்பா இருந்தா மகளுங்க வீட்டோடயே கெடந்து கூட்டிப் பெருக்கும். பயிர் வாட ஆரம்பிச்சா, ஆளுக்கு ஒரு வாய் விதைய எடுத்துக்கிட்டு ஒண்ணு விடாம பறந்துரும்."

"ஆம்பள வண்டு?"

"அதுக்குப் பறக்கவே வராதும்மா. உள்ளயே உக்காந்திருக்கும்."

சௌந்தரம் என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கென்று தெரியவில்லை.

தான் நினைத்தபடி பறக்கிறோம் என்று வண்டு எண்ணிக்கொண்டிருக்கும். உண்மையில் வாயில் இருப்பது நடத்துகிறது. இப்படியும் ஒரு பிறவி. பரிதாபமாக இருந்தது.

பதினோரு மரத்தையும் வெட்ட வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏழாம் பக்கத்தில் வந்த மரங்கள்.

போகும்போது, ஒச்சப்பன் வேலியோரத்தில் ஒரு புனல் போன்ற பொறியை மாட்டினார். பூஞ்சையின் வாசனை வைத்ததாம். "இங்கேருந்து கீழ போனா இதுல தெரியும். கீழ இருக்கிறவருக்கு வேற பயிரே இல்லைங்கிறாங்க சார். பாத்துக்குங்க."

பிப்ரவரி 14, வெள்ளி

சௌந்தரம் காலையிலிருந்து வெட்டு, வெட்டு என்கிறாள். இந்த விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியம் சாப்பிடும்போது சௌந்தரம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வேற ஊர்லயும் வந்திருக்குமாம். அங்க எவனாச்சும் மொதல்ல வெட்டிப்புட்டா, பேப்பர்ல அவன் பேருதான வரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் தனியாக நடந்தேன். ஒரு தலைவன் தன் பிள்ளைகளையே பலிகொடுக்கத் தயங்கக் கூடாது என்ற எண்ணம், எங்கிருந்து என்று சொல்லத் தெரியாமல், எனக்குள் தோன்றியது. வெட்டுவது என்று முடிவெடுத்தேன். இந்த மலையில் முதன்முதலாக, மற்றவர்களின் மரங்களைக் காப்பதற்காகத் தன் மரங்களை வெட்டப்போகிறவன் நான். சௌந்தரத்திடம் அறிவித்தேன். "நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெட்டியாயிற்று. ரம்பம் பிடித்தவர்கள் சாயங்காலம் இறங்கிப் போனார்கள். பதினோரு மரமும் துண்டு துண்டாக, என் உயரத்துக்கு அடுக்கு.

ரோஸ்லின் மேலே வந்திருந்தார். "சார், வெட்டாம இருக்கிறதவிட வெட்டிட்டு அப்படியே போடுறது மோசம். மரம் காய ஆரம்பிச்சா உள்ள பயிர் வாடும். பயிர் வாடினா மொத்தக் குடும்பமும் கெளம்பும். இன்னிக்கே எரிச்சுருங்க."

"முறைப்படி செய்துவிடுகிறேன்."

அவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். சௌந்தரம் மண்ணெண்ணெய் எடுத்து வந்தாள். தடுத்தேன்.

"இப்பவே பத்தவெச்சாத்தானங்க?"

"யார் பற்ற வைப்பது?"

"எனக்குக் கை இல்லையா?"

இவளுக்கு விளக்க முடியாது. குடிநீர்க் குழாயைத் திறந்தாலும் சரி, நிழற்குடையைத் திறந்தாலும் சரி, என் பணிக்காலத்தில் சிறப்பு விருந்தினர் இல்லாமல் ஒன்றும் திறந்ததில்லை. ஒரு மலையின் முதல் தியாகத்தை அடுப்பு பற்ற வைப்பது போலப் பற்ற வைப்பதா?

மண்ணெண்ணெயை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் பெரிய தார்ப்பாயை இழுத்து வந்து அடுக்கை மூடி, சுற்றிலும் மண்வெட்டியால் மண் அணைத்தாள். இருட்டும்வரை அணைத்தாள்.

பிப்ரவரி 19, புதன்

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் 23ஆம் தேதி வர இசைந்திருக்கிறார். பெயர் வேண்டாம், எளிமையானவர். 'வண்டு ஒழிப்பு எரியூட்டு விழா' என்று பேனருக்குச் சொல்லியாயிற்று. விருந்தினர் படம் பெரிது. என் படம் அதைவிடச் சற்றுச் சிறிது. மரத்தின் படம் வைக்க இடமில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

விருந்தினருக்கு அடிவாரத்தில் இரண்டு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா. அடுத்த ஞாயிறு உறுதி என்றார். மக்களோடு இருப்பவர், அப்படித்தான் இருக்கும்.

ரோஸ்லின் போன் செய்தார். "எரிச்சாச்சுல்ல சார்?"

"தேதி குறித்தாகிவிட்டது. அதுவரை தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது."

'என்னது சார்?' என்று இரண்டு முறை கேட்டார். மலையில் சிக்னல் அப்படி. "தார்ப்பாயை மட்டும் எடுத்துராதீங்க சார்" என்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

சௌந்தரம் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஒட்டன்சத்திரம் கிளம்பினாள். பஸ் ஏறும்போது சொன்னது மூன்று விஷயம்: இட்லி மாவு ஃப்ரிட்ஜில். கேஸை அணைக்க மறக்காதீர்கள். தார்ப்பாயில் கை வைக்காதீர்கள்.

மார்ச் 1, சனி

பந்தல் போடும் நாள். மேற்கே கறுத்துக்கொண்டு நின்றது. விருந்தினர் தலையில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது எனக்கு இழுக்கு. பந்தல்காரர்கள் கொண்டுவந்த துணி, சல்லடை. வீட்டில் நல்ல தார்ப்பாய் ஒன்றே ஒன்றுதான்.

ஒச்சப்பன் கம்பு ஊன்ற வந்திருந்தான். நான் சொன்னதும் தலையைச் சொறிந்தான். "தலைவரே, டாக்டரம்மா மூடி வைக்கச் சொல்லுச்சே."

"நாளைக் காலை பத்து மணிக்கு எரிக்கப்போகிறோம். ஓர் இரவுக்கு எதற்கு மூடி?"

"அதுவுஞ் சரிதான்" என்று அவனே மண்ணை விலக்கி, கல்லைத் தூக்கி, தார்ப்பாயை உருவிக் கொடுத்தான். பந்தலில் ஏறிக் கட்டியதும் அவன்தான். கட்டு என்றால் கட்டு, புயலுக்கும் அவிழாது. இப்படி ஓர் உறுப்பினன் எந்தத் தலைவனுக்குக் கிடைப்பான்?

மழை பெய்யவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

விருந்தினர் வரவில்லை. கட்சிக்காரர் வீட்டில் இழவு. இறப்பை யார் முன்கூட்டி அறிவார்? 9ஆம் தேதி.

வந்த இருபது பேரும் கேசரி சாப்பிட்டார்கள். தார்ப்பாயைத் திரும்ப அவிழ்ப்பது பற்றி ஒச்சப்பன் கேட்டான். பந்தலைப் பிரித்து, மறுபடி கட்டி, எதற்கு வீண் வேலை? வெயிலில் காய்ந்தால் தீ நன்றாகப் பிடிக்கும் என்றேன். அவனும் யோசித்துவிட்டு ஆமாம் என்றான்.

மார்ச் 4, செவ்வாய்

மதியம் நல்ல வெயில். நாற்காலியில் இருந்தபடி அரிய காட்சி ஒன்று கண்டேன். அடுக்கின் மேல் காற்று கானலாக நடுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால், கானல் இல்லை. எள் எள்ளாகக் கறுப்பு வண்டுகள், ஓட்டை ஓட்டையாக வெளியே வந்து, விளிம்பில் சற்று நின்று, எழும்பிப் போகின்றன. என் வெள்ளைச் சட்டையில் நாலைந்து உட்கார்ந்தன. தட்டிவிட்டேன்.

எதிரி முகாமைக் காலி செய்கிறான். விழா அறிவிப்புக்கே இந்தப் பலன் என்றால் விழாவுக்கு எப்படி இருக்கும்! மலைக்காற்று கீழ்நோக்கி வீசியதால் அவற்றுக்கும் சிரமமில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்றும் போகின்றன. நேற்றைவிடக் குறைவு.

வேலியோரப் பொறியைப் பார்த்து வந்தேன். அடிக் குடுவை நிறைந்து, மேலே வந்தவை ஒன்றின்மேல் ஒன்று ஊர்கின்றன. ரோஸ்லினுக்குப் போன் செய்து, உங்கள் பொறி அமோகமாக வேலை செய்கிறது என்று பாராட்டினேன்.

"எந்தப் பொறி சார்? கீழ் வேலியிலயா?"

"ஆமாம். நிறைந்து வழிகிறது."

"சார்... மரம் மூடியிருக்கா?"

தார்ப்பாய் பந்தலில் இருக்கும் விவரத்தைச் சொன்னேன். அவர் பட்டென்று வைத்துவிட்டார். இளைய தலைமுறைக்குப் போன் மரியாதை தெரிவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விழா சிறப்பாக நடந்தேறியது.

விருந்தினர் பதினோரு மணி விழாவுக்கு ஒன்றரைக்கு வந்தார். பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு. 'நீலமேகம் வெட்டியது மரத்தை அல்ல, சுயநலத்தை' என்றார். நான் எழுதிக் கொடுத்ததுதான், ஆனாலும் அவர் குரலில் கேட்டபோது கண் கலங்கியது. ஒரே தீக்குச்சி. அடுக்கு முழுவதும் பிடித்துக்கொண்டது. காய்ந்திருந்ததால்.

ரோஸ்லின் வந்திருந்தார், ஆனால் மேடைக்கு வரவில்லை. நாற்காலி ஒதுக்கியிருந்தேன். வந்ததிலிருந்து ஒச்சப்பன் தோட்டத்துக்குள் மரம் மரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில்தான் ஊரிலிருந்து திரும்பிய சௌந்தரம், தீ வைப்பதற்கு முன் அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவிக் கொல்லைப்புறம் கொண்டுபோனாள். பேச்சு நடுவில் கோடாலிச் சத்தம் கேட்டது. தீ பிடித்ததும் அவள் பிளந்த கட்டையோடு மேடைப் பக்கம் வந்து நின்றாள். உள்ளே பொந்து பொந்தாக, கறுத்து, சுத்தமாகக் கூட்டிப் பெருக்கியது போல. பறக்க வராத ஆண் வண்டு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

"வீடு காலி" என்றாள்.

"பார்த்தாயா?" என்றேன்.

அவள் கட்டையைத் தீயில் போட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

மூன்று நாளிதழ்களில் செய்தி. ஒன்றில் படத்துடன். சௌந்தரம் உப்புமா செய்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கல்யாண அலைச்சல்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சங்கப் பொதுக்குழு. 'தன்னலமற்ற நடவடிக்கையால் மலையைக் காத்த தலைவருக்கு நன்றி' என்று தீர்மானம். முன்மொழிய ஒச்சப்பன் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அவன் வராததால் வேறொருவர் முன்மொழிந்தார். கைதட்டல் நெடுநேரம் இருந்தது.

வரும் வழியில் அவன் தோட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ரோஸ்லினும் சௌந்தரமும் அவனும் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார்கள். கையசைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மே 3, சனி

காலையில் ஒச்சப்பன் வந்தான். வராந்தாப் படியில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தான். கையில் பட்டைத் துண்டு ஒன்று. அதன்மேல் வெள்ளையாக, கிள்ளி வைத்தது போல.

"தலைவரே, எனக்கும் வந்துருச்சு."

வாங்கிப் பார்த்தேன். "ஒன்றிரண்டு மரந்தானே?"

"மேல இருந்து கீழ வரைக்கும். டாக்டரம்மா ஒவ்வொண்ணாச் சீவிப் பாத்துருச்சு. மிச்சமில்ல. காயெல்லாம் கொட்டுது, கொட்டப்பாக்கு அளவுல."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவன் காத்திருந்தது போலிருந்தது. சௌந்தரம் உள்ளிருந்து வந்து அவனிடம் மோர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான்.

"என்ன செய்யப் போகிறாய்?"

"வெட்டணும். அன்னன்னிக்கு வெட்டுறத அன்னன்னிக்கே பத்தவெச்சுரணும்னு சொல்லிருக்கு. அடுத்தவன் தோட்டத்துக்குப் போயிரக் கூடாதுல்ல."

"ஒச்சப்பா, சொல்லக் கேள். இரண்டாவது தோட்டம் என்றாலும் முக்கியந்தான். நான் விருந்தினரிடம் பேசுகிறேன், ஒரு தேதி..."

"விழா வேணாண்ணே" என்றான்.

இத்தனை வருடத்தில் அவன் என்னைத் தலைவரே என்று கூப்பிடாதது இதுதான் முதல் முறை. அண்ணன் என்பது நெருக்கமான சொல். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

இன்று எழுத ஒன்றுமில்லை.

மே 11, ஞாயிறு

மலையில் துளைவண்டு கட்டுப்பாடு பற்றி என் அனுபவங்களைச் சிறு நூலாக எழுதலாம் என்று தோன்றியது. தலைப்பு மட்டும் எழுதினேன். சௌந்தரம் கேட்டாள், "கடைசி அத்தியாயத்துக்கு ஒச்சப்பன் தோட்டத்துக்குப் போய்ட்டு வரலாமா?" வெயில் தணியட்டும் என்றேன்.

மே 19, திங்கள்

ஒச்சப்பன் தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு வெட்டத் தொடங்கினார்கள். இருநூற்று நாற்பது மரம். சௌந்தரம் விடியும் முன்பே போய்விட்டாள். மாலைக்குள் மேல்பாதி முடிந்து, எரிந்து, அணைந்துவிட்டது. கீழ்ப்பாதி நாளை.